மூணு நங்கூரமும் ஆறு கிலோ கருப்பட்டியும்

கேட்காதவர் என்று ஓர் இனம் உண்டு. காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுவரை இவருக்குக் கேட்கும். வாய்தான் கேட்காது. தனக்குத் தெரியாத ஒரு சங்கதியை, அது தெரிந்த மனிதர் எதிரிலேயே சும்மா நின்றுகொண்டிருந்தாலும், "இது என்னங்க?" என்று கேட்டுவிட்டால் தன் ஏழு தலைமுறைக்கும் இழுக்கு என்று நம்புகிறவர் இவர். உலகம் ஒரு பூட்டிய பெட்டி. சாவி வைத்திருப்பவரிடம் சாவி வாங்கித் திறப்பது சோம்பேறிகளின் வேலை. கீலைக் கழற்றித் திறப்பதே அறிவு.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் திருச்செந்தூர் பஸ் எது என்று கேட்டால், பூக்கட்டிக்கொண்டிருக்கிற பெண் கையை நிறுத்தாமல் மோவாயாலேயே காட்டிவிடுவாள். இவர் கேட்க மாட்டார். நிற்கிற பஸ்களை மூன்று சுற்று சுற்றி வருவார். எந்த வண்டியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் அதிகம் என்று எண்ணுவார். எண்ணி, தேர்ந்து, ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்து, ஏரலில் இறங்குவார். மொட்டை போட்டவர்கள் கோயிலுக்குப் போகிறவர்களா, கோயிலிலிருந்து வீடு திரும்புகிறவர்களா என்ற சிறு நுட்பம் மட்டும் கணக்கில் விட்டுப்போயிருக்கும். அதற்காக மனம் தளர்ந்துவிடுவாரா? ஏரலில் இறங்கியும் கேட்க மாட்டார்.

புது மிக்ஸி வந்தால் கூடவே வந்த கையேட்டை உறை பிரிக்காமல் பரணில் எறிவார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்துக் கடைக்காரரிடம் நீட்டுவதற்கு முன் அரை மணி நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பார். இந்த இனத்துக்கென்று மூன்று மந்திரங்கள் உண்டு. "இதுக்குள்ள ஒரு லாஜிக் இருக்கு" என்பது தொடக்கத்தில். "கிட்ட வந்துட்டேன்" என்பது நடுவில், நடு என்பது பல நாள் நீளும். "முடிஞ்சதும் காட்டுதேன்" என்பது எப்போதும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேவபிரசாதம். சொந்த ஊர் நாசரேத், குடியிருப்பது மில்லர்புரம், வயது நாற்பத்தெட்டு, சரக்கு அனுப்புகிற அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற உத்தியோகம். மனைவி ஜெயபாய் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பகலெல்லாம் நூற்றிருபது பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காத மனிதரோடு குடும்பம் நடத்த சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர்.

ஒரு சமயம் பரோட்டாக் கடைச் சால்னாவில் ஏதோ ஒன்று கூடுதலாக மணக்கிறது என்று தேவபிரசாதத்துக்குப் பட்டது. வேறு யாராவது என்றால் மாஸ்டரிடம் கேட்டிருப்பார்கள். இவர் பதினோரு நாள் தொடர்ந்து போய்ச் சாப்பிட்டார். முதல் நாள் வெறும் சால்னா, இரண்டாம் நாள் ஆறவிட்ட சால்னா, மூன்றாம் நாள் தண்ணீர் கலந்த சால்னா என்று ஒரு நோட்டில் குறித்து, வயிறு கெட்டு, கடைசியில் அது கல்பாசி என்று முடிவு கட்டினார். பன்னிரண்டாம் நாள் பார்சல் வாங்கப் போன ஜெயபாய் போகிற போக்கில் மாஸ்டரைக் கேட்டார். பொரிகடலை டீச்சர், வேறென்ன, என்றார் மாஸ்டர். இதை வீட்டில் வந்து சொன்னதும் தேவபிரசாதம் சிரித்தார். கேட்டால் எவன் உண்மையைச் சொல்லுவான், என்றார்.

இதுதான் இந்த இனத்தின் வேத வாக்கியம். குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பழைய துறைமுகத்துப் பக்கம் தோணித் தொழிலாளர் சங்கம் ஒன்று இருக்கிறது. வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற நம் ஊர்த் தோணிகளில் யார் யார் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை வேலை பார்த்தார்கள் என்று எண்பதாம் வருஷத்திலிருந்து எழுதிவைத்த பதிவேடுகள் அங்கே இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து நாலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்ட திருப்தியில் காகிதத்தைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் பத்து வருஷம் புதுப் பக்கங்களும் நேராகக் கம்ப்யூட்டருக்கே போயின. இப்போது மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் ஓர் எண். எந்த எண்ணில் யாருடைய பக்கம் இருக்கிறது என்பது ஒரே ஒரு அட்டவணைக் கோப்புக்குத்தான் தெரியும். அந்தக் கோப்பை வாசிக்கத் தெரிந்த புரோகிராம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை உப்புக் காற்று தின்றுவிட்டது. பெட்டியைத் திறந்தபோது உள்ளே பலகை பச்சை பூத்து, பாசி படிந்த படகுத் துறை மாதிரி இருந்தது. படங்களும் அட்டவணையும் மட்டும் இன்னொரு டிஸ்க்கில் பிழைத்துக் கிடந்தன. புரோகிராம் போய்விட்டது.

பதினொன்றாம் தேதி ஜாய்சன் வந்தார். புன்னைக்காயல்காரர். துறைமுகத்துக்குள் கப்பல்களைக் கட்டி இழுத்துவருகிற இழுவைக் கப்பல் ஒன்றில் பத்து வருஷமாகக் கயிறு பிடிக்கிற வேலை. சுக்கானைத் துடைக்கச் சொல்வார்கள், திருப்ப விடமாட்டார்கள். திருப்ப வேண்டுமானால் சுக்கான் பிடித்துக் கப்பலை ஓட்டுகிற சாரங்கு ஆவதற்குத் தேர்வு எழுத வேண்டும். எழுத வேண்டுமானால் ஏழு வருஷம் வெளிக்கடலில் போனதற்கு அத்தாட்சி வேண்டும். போயிருக்கிறார், பத்தொன்பது வயதிலிருந்து சரியாக ஏழு வருஷம், தோணியில். அந்தப் பக்கங்கள் பதினெட்டாயிரத்து நானூற்றுக்குள் எங்கோ இருக்கின்றன. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருபதாம் தேதி மாலை ஐந்து மணி. அடுத்த மாதம் ஜாய்சனுக்கு நாற்பது முடிகிறது. நாற்பதுக்கு மேல் எழுத முடியாது. இந்தத் தடவை விட்டால் மறு தடவை என்று ஒன்று கிடையாது. அப்புறம் ஆயுசுக்கும் கயிறுதான்.

சங்கத்தில் எழுத்தராக இருக்கிற எமில்டா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான். ஆனாலும் விவரமானவள். சங்கத்தின் கௌரவக் கம்ப்யூட்டர் ஆலோசகரான தேவபிரசாதத்தை வரவழைத்து, விஷயத்தைச் சொல்லி, சொன்ன மூச்சிலேயே வழியையும் சொன்னாள். இந்தப் புரோகிராமை எழுதியது சண்முகவடிவு என்கிற அக்கா. அப்போது இங்கே கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது உடன்குடியில் சொந்தமாகக் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். நம்பர் இதோ, காலண்டரில் பென்சிலால் எழுதியிருக்கிறது.

"ஒரு போன் போட்டாப் போதும் சார்."

தேவபிரசாதம் காலண்டரைப் பார்த்தார். நீச்சல் தெரிந்தவனிடம் மிதவை டியூபை நீட்டினால் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முந்தின வேலை, அவர்களுக்கே மறந்திருக்கும், பாவம் எதற்குத் தொந்தரவு, இதற்குள் ஒரு லாஜிக் இருக்கும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். எத்தனை நாளாகும் என்று ஜாய்சன் கேட்டார். இரண்டு நாள் என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜாய்சன், மரியாதைக்கு எழுந்து நின்றுகொண்டு, இன்னொன்றும் கேட்டார்.

"நான் ஏதாச்சும் சொல்லணுமா அண்ணாச்சி? எந்தத் தோணி, எங்க வீடு எது, அந்த மாதிரி?"

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் தம்பி. எல்லாம் ஃபைல்ல இருக்கு."

இந்த இடத்தில் நாம் ஒரு நிமிஷம் தலையைக் குனிந்து நிற்பது நல்லது. முத்துக் குளிக்கிறவன்கூட இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மச்சான் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடலில் இறங்குவான். தேவபிரசாதம் கயிறில்லாமல் இறங்கினார்.

முதல் நாள் கோப்பைத் திறந்தார். எண்கள். கரையில் கொட்டிய சிப்பிக் குவியல் மாதிரி, எது ஓடு எது சதை என்று தெரியாமல், ஆரம்பமில்லாமல் முடிவில்லாமல் எண்கள். ஆனால் அறுபத்துநான்கு இடத்துக்கு ஒரு தடவை அதே சாயல் திரும்பத் திரும்ப வருகிறதல்லவா? அப்படியானால் ஒரு பதிவுக்கு அறுபத்துநாலு. இதைக் கண்டபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அலுவலகத்தை ஒரு சுற்று நடந்துவந்தார். எமில்டா என்ன சார் என்றாள். கிட்ட வந்துட்டேன் என்றார்.

இரண்டாம் நாள் படத்தின் எண் பிடிபட்டது. அது தலைகீழாக, கடைசிப் பங்கு முதலிலும் முதல் பங்கு கடைசியிலுமாக எழுதப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர்களுக்கு இது சகஜம். ஆனால் தேவபிரசாதத்துக்கு, உலகத்தில் முதல் முதலாகத் தனக்கு மட்டும் ஒரு ரகசியம் காதில் ஓதப்பட்ட மாதிரி இருந்தது.

நாலாம் நாள் தேதி சிக்கியது. அது தேதியாக இல்லை. ஏதோ ஒரு நாளிலிருந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கையாக இருந்தது. எந்த நாள்? பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எழுபத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதத்து ஒரு நாள் வந்தது. ஏன் அந்த நாள்? நாமாக இருந்தால் ஏதோ ஒரு நாள் என்று விட்டிருப்போம். அவர் பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்தார். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள் என்று கண்டார். ஆகவே இந்தப் பெண்மணி காலத்தைக் கடலின் ஏற்ற வற்றத்திலிருந்து எண்ணுகிறார், இது சாதாரணப் புரோகிராம் இல்லை, ஒரு கடலோடி மனம் எழுதியது என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஜெயபாயிடம் விளக்கினார். ஜெயபாய் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உடன்குடிக்காரிக்குக் கடலு எதுக்கு? செம்மணல் தேரிக்காடுல்லா அங்க" என்றார். இம்மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பது தேவபிரசாதத்தின் கொள்கை.

ஐந்தாம் நாள் மிச்சமிருந்த நாற்பது இடங்களும் திறந்துகொண்டன. அவை எழுத்துகள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பரபரவென்று "ஜாய்சன்" என்று தேடினார். இல்லை. ஒன்றுகூட இல்லை. ஜாய்சனின் குடும்பப் பெயரான "பெர்னாண்டோ" என்று தேடினார். பூஜ்யம். யோசித்துப் பாருங்கள், பரவக் கடற்கரையின் ஆட்களைப் பற்றிய பதினெட்டாயிரத்து நானூறு பதிவுகளில் ஒரு பெர்னாண்டோகூட இல்லை. பதிலாக என்ன இருந்தது? "ரேடியோப் பெட்டி" என்றிருந்தது. "ஒத்தைச் செருப்பு" என்றிருந்தது. "ஆனைக்குப் பசி" என்றிருந்தது. "வெடிக்காத வெடி" என்று இருபத்தாறு தடவை இருந்தது. "மூணு நங்கூரம்" என்று பதினோரு தடவை இருந்தது.

உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றியிருக்கும்? ஒரு தடவை வாய்விட்டு வாசித்திருந்தால், பெஞ்சில் இருப்பவரோ டீ கொண்டுவருகிறவரோ என்னமோ சொல்லியிருப்பார்கள். தேவபிரசாதம் வாய்விட்டு வாசிக்கவில்லை. பெயர்கள் சங்கேத மொழியில் மறைக்கப்பட்டிருக்கின்றன என்று முடிவு செய்தார். எவ்வளவு மேதை இந்தச் சண்முகவடிவு. ஒவ்வொரு மனிதனையும் ஒரு புதிருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். பூட்டு இருந்தால் சாவி இருக்கும். மூணு நங்கூரம் என்பதே சாவி. மூன்று நங்கூரம் என்றால் மூன்று சாவிகள். பதினோரு தடவை வருவது பதினோரு படி. சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, நடுவில் மூன்று நங்கூரம் வரைந்து, அவற்றிலிருந்து அம்புக்குறிகள் இழுத்தார். ஜெயபாய் அதைப் பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நன்றாக நங்கூரம் வரைவார்கள் என்று மட்டும் சொன்னார்.

இதற்கிடையில் எமில்டா, சார் வேண்டாமென்ற போனைத் தான் போடத் தயங்கி, சாருக்குத் தெரியாமல், படம் ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்திருந்தாள். மை மங்கிய பக்கங்கள், கோழி கிண்டிய கையெழுத்து. அலுவலக வேலைக்கு நடுவில் ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறுதான் ஓடியது. ஜாய்சன் தினமும் மதியம் வந்தார். ஒரு நாள் வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு பாறை மீன் கொண்டுவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, தேவபிரசாதத்தின் முதுகையும் கம்ப்யூட்டரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மணி ரெண்டானதும் எழுந்து போனார். திரையை யாருக்கும் காட்டாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் நம் ஆள். முடிஞ்சதும் காட்டுதேன். ஜாய்சனுக்கும் மூணு நங்கூரத்துக்கும் நடுவில் நாலடி தூரம். அதைக் கடக்காமலே ஒன்பது நாள் ஆகிவிட்டது.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஜெயபாய் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கணவர் மடியில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. டீச்சர்கள் உயர்த்த மாட்டார்கள்.

"ஏங்க, பத்து வருசமா சுக்கானைத் தொட விடலன்னு அந்த மனுசன் வந்து உக்காந்திருக்காரு. ஒங்களால ஒரு போனைத் தொட முடியலையா?"

போன் என்பது மானப் பிரச்சினை. ஆனால் உடன்குடிக்கு நேரில் போவது வேறு. வீட்டில் கருப்பட்டியும் தீர்ந்திருந்தது. இருபதாம் தேதி காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினார். இந்தத் தடவை பஸ் சரியாகவே இருந்தது. ஜெயபாய் கூட வந்து ஏற்றிவிட்டார்.

கடை திறக்கப் பதினோரு மணியாயிற்று. கடையில் சண்முகவடிவு இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி, கையில் தராசுக் கல். தேவபிரசாதம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தார்: அம்மா, நீங்கள் எழுதிய அட்டவணையில் பெயர்களை எப்படி மறைத்தீர்கள்? வாயைத் திறந்தார். "கருப்பட்டி ஒரு கிலோ" என்று வந்தது. சண்முகவடிவு நிறுத்துக் கட்டிவிட்டு, வேற, என்றார். இதுதான் சமயம் என்று மறுபடி வாயைத் திறந்தார். "இன்னொரு கிலோ." அவர் கட்டினார். வேற. "இன்னொரு கிலோ." கேள்வி நாக்கின் நுனிவரை வரும், பல்லைத் தாண்டும்போது கருப்பட்டியாக உருமாறும். நாலாவது கிலோவில் சண்முகவடிவு விசேஷ வீடா என்று கேட்டார். ஆமாம் என்றார். ஐந்தாவது. ஆறாவது.

ஆறாவது கிலோ தராசில் இருந்தபோது, கண்ணை வைக்க இடமில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் ஒரு பழைய குழந்தைப் படம், சட்டம் போட்டது, அடியில் "ச. வடிவு" என்றும் பிறந்த தேதியும் எழுதியிருந்தது. எழுபத்தொன்பது, ஆவணி. அவருக்கு மிக நன்றாகத் தெரிந்த நாள். கடலின் ஏற்ற வற்றம் அந்தக் கணமே வற்றியது. படத்துக்குக் கீழே அலமாரியில், ஆட்கள் வந்து எடுத்துப்போகக் கட்டிவைத்த பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குறிப்பு: "ரெண்டு பல்லு." "மூக்குப்பொடி டீச்சர்." "லேட்டு தபால்."

காக்கி அரைக்கால் சட்டையும் துண்டுமாக ஒரு பெரியவர் வந்தார். சண்முகவடிவு "லேட்டு தபால்" பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பெரியவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரிட்டயர்ட் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் இந்தப் பேரை விடமாட்டியா வடிவு, பேரை எழுதக்கூடாதா என்றார்.

"பேரை எழுதுனா இந்தத் தெருவுல ஒம்பது இசக்கிமுத்து இருக்காவ அண்ணாச்சி. நான் எந்த இசக்கிமுத்தைத் தேட? பட்டப்பேருன்னா ஆளு ஒண்ணுதான்."

தேவபிரசாதம் ஆறு கிலோவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தெருவுக்கு ஒன்பது இசக்கிமுத்து என்றால் கடற்கரையில் எத்தனை ஜாய்சன் பெர்னாண்டோ. சங்கேதமும் இல்லை, சாவியும் இல்லை, மேதையும் இல்லை. வீட்டுக்கு வீடு பட்டப்பெயர். அதையே எழுதி வைத்திருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டார். கவனியுங்கள், யாரையும் கேட்காமல் கண்டுபிடித்துவிட்டார். காசைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், முகமெல்லாம் வெளிச்சமாக பஸ்ஸுக்கு நடந்தார்.

ஆத்தூர் தாண்டும்போதுதான் அந்த வெளிச்சத்தில் ஒரு பொத்தல் தெரிந்தது. ஜாய்சனின் பட்டப்பெயர் என்ன?

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், ஜாய்சனைக் கேட்டால் ஆயிற்று என்று. அதனால்தான் நீங்கள் நீங்களாக இருக்கிறீர்கள். அவர் இரண்டே முக்காலுக்குச் சங்கத்துக்குள் நுழைந்து, கருப்பட்டியை மேஜை மேல் வைத்து, திரையைத் திறந்து, பட்டப்பெயர்களின் பட்டியலை எடுத்தார். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். பிறகு திரும்பி உட்கார்ந்து, பெஞ்சில் இருந்த ஜாய்சனை ஆராய ஆரம்பித்தார்.

ஜாய்சன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலிருந்தே இருந்தார். விண்ணப்பத்தை ஒவ்வொரு கட்டமும் நிரப்பி, போட்டோ ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ஒரே ஓர் இணைப்புதான் பாக்கி. எமில்டா ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் இருந்தாள், கண் சிவந்திருந்தது. தேவபிரசாதம் ஜாய்சனின் காலைப் பார்த்தார்: இரண்டு செருப்பும் இருக்கின்றன, ஆகவே ஒத்தைச் செருப்பு இல்லை. வாயைப் பார்த்தார்: பேசுகிற ஆள் இல்லை, ரேடியோப் பெட்டியும் அடிபட்டது. சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தார்: சின்னத் தூக்கு, ஆனைக்குப் பசி அல்ல. ஒருவேளை வெடிக்காத வெடியாக இருக்குமோ என்று நெற்றியை உற்றுப் பார்த்தார். மணி மூன்றரை. ஜாய்சனுக்குச் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து, குனிந்து தட்டிவிட்டுக்கொண்டார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ஜாய்சன் எழுந்தார். உறையை இரண்டாக மடித்து இடுப்பில் செருகினார். கோபமில்லை, கோபமிருந்திருந்தால் தேவபிரசாதம் தாங்கியிருப்பார்.

"பரவால்ல அண்ணாச்சி. நீங்க என்ன செய்விய, ஒங்களால ஆனதைச் செஞ்சிய. கயிறும் ஒரு வேலதான். நான் வாரேன்."

கதவுவரை போய்விட்டார். தேவபிரசாதம் வாயைத் திறந்தார். நாற்பத்தெட்டு வருஷமாகத் திறக்காத கதவுக்குக் கீலெல்லாம் துரு. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம், கருப்பட்டி ஒரு கிலோ என்று சொல்லிவிடுவாரோ என்று எமில்டாவே பயந்திருப்பாள், அவளுக்கு அந்தக் கதை தெரிந்திருந்தால்.

"தம்பி. ஒங்க வீட்டுக்குப் பட்டப்பேரு என்ன?"

"மூணு நங்கூரம்" என்றார் ஜாய்சன், கதவில் கை வைத்தபடியே. "எங்க தாத்தா ஒரே நடையில மூணு நங்கூரத்தைக் கடல்ல விட்டுட்டு வந்தாவ. அதுல இருந்து எங்களுக்கு அதான். ஏன் அண்ணாச்சி?"

பதினோரு பதிவு. தேதிக் கணக்கைப் போட்டதும் நாலு பழசாக ஒதுங்கின. அவை ஜாய்சனின் தகப்பனாருடையவை. மிச்சம் ஏழு. ஏழு வருஷம், ஏழு படம், தலைகீழ் எண்ணைத் திருப்பிப் போட்டால் ஏழும் வரிசையாக வந்து நின்றன. அச்சடிக்க நாலு நிமிஷம், எமில்டா முத்திரை குத்த ஒரு நிமிஷம். ஜாய்சன் பைக்கில் பறந்து, ஐந்து அடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கினார். மூன்று மாதம் கழித்துத் தேர்விலும் தேறிவிட்டார். இப்போது துறைமுக வாயிலில் அந்த இழுவைக் கப்பலைப் பார்த்தால், சுக்கானில் நிற்பவர் அவர்தான். தினமும் அவரே துடைத்துக்கொள்கிறாராம், பழக்க தோஷம்.

தேவபிரசாதம் திருந்தினாரா என்கிறீர்களா? நான் கிட்ட வந்துட்டேன்னு முதல் நாளே சொன்னேன்ல, என்று ஜெயபாயிடம் சொன்னார். அந்தக் கோப்பின் அமைப்பை விளக்கிப் பதினான்கு பக்கம் எழுதி வைத்தார், யாரும் கேட்கவில்லை. அதை வாசிக்க ஒரு புதுப் புரோகிராமும் எழுதினார். நன்றாகவே எழுதினார், குறை சொல்லக்கூடாது. எமில்டா அதில் இப்போது புதுப் பதிவுகளையும் ஏற்றுகிறாள், பழைய முறைப்படி, பட்டப்பெயரில்.

எமில்டாதான் ஒரு நாள், மரியாதைக்காக, உடன்குடிக்குப் போன் போட்டு விஷயமெல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னாள். அப்போது சண்முகவடிவு ஒரு சந்தேகம் கேட்டார். அன்றைக்குக் காலையில் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒருவர் வந்து, ஒவ்வொரு கிலோவாக ஆறு கிலோ கருப்பட்டி வாங்கி, தன் குழந்தைப் படத்தை வெறித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார், யாரென்று தெரியுமா? எமில்டா போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் கதை துறைமுகத்தைச் சுற்றிவந்துவிட்டது.

போன வாரம் தேவபிரசாதம் தம் புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு பதிவைக் கண்டார். ஆலோசகர்கள் என்ற பிரிவில் ஒரே ஒரு ஆள். பெயர்: "ஆறு கிலோ." யாராக இருக்கும்? எமில்டா நாலடி தூரத்தில்தான் இருக்கிறாள். அவர் நோட்டை எடுத்தார். ஆறு கிலோ என்பது ஒரு நங்கூரத்தின் எடையாக இருக்கலாம். அல்லது ஒரே மூச்சில் ஆறு கிலோ சங்கு எடுத்த குளியாளியாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஆள் ஆலோசகராக எப்படி வந்தார்? இதற்குள் ஒரு லாஜிக் இருக்கிறது. வீட்டில் ஜெயபாய் கொண்டுவந்து வைத்த கருப்பட்டிக் காபியை, நாலு மாதமாக ஏன் தினமும் கருப்பட்டிக் காபி என்று யோசிக்காமல், ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே ஆராய்கிறார். கிட்ட வந்துவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் அலுவலகத்தில் பேச்சு சட்டென்று நின்று, இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது போன மாதம்தானே? உங்கள் தெருவில், உங்களுடைய மேஜைக்கு நாலடி தூரத்தில், உங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்கே தெரியும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

அதென்ன, அதற்குள் நீங்களாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்?